புள்ளி

எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து
அகல் சுடரின் மேல் பிடித்தேன்.
விளக்கெண்ணெய்க்கு அவசரமே கிடையாது.
அரைமணி நேரம் கழித்துத் திருப்பினால்
தட்டின் அடியில் ஒரு அமாவாசை.

பிளேடால் சுரண்டி ஒரு மூடியில் சேர்த்து
இன்வெர்ட்டருக்கு ஊற்றும் தண்ணீர் நாலு சொட்டு விட்டேன்.
(கீழ்வீட்டு ஃபெலிக்ஸிடம் வாங்கியது. எதற்கு என்றான்.
இஸ்திரிப் பெட்டிக்கு என்றேன்.
என்னிடம் இஸ்திரிப் பெட்டி இல்லையென்று
அவனுக்குத் தெரியும்.)
ஸ்பிரிட் ரெண்டு சொட்டு.
ஈர்க்குச்சியால் கலக்கக் கலக்க
கரி தனியாக, தண்ணீர் தனியாக, முகம் திருப்பிக்கொண்டு நின்றன.
கொட்டிவிட்டுத் தட்டை மறுபடி
சுடருக்குக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நம்பர் ஊசி.
கொதிநீரில் போட்டெடுத்து, பென்சிலோடு வைத்துக் கட்டி,
நுனிக்குச் சற்று மேலே நூல் சுற்றினேன்.
மையைக் குடித்து வைத்துக்கொள்ள அதற்கொரு தொண்டை.

கண்ணகி நகர், மூன்றாம் மாடி, ராத்திரி பதினொன்று.
கொசுவர்த்தி அணைந்திருந்தது, எழுந்திருக்கவில்லை.
இடது முன்கை.
முதுகில் எழுத வேண்டியதென்றால்
வேறு யாரையாவது கூப்பிட வேண்டும்.
கூப்பிடுகிற மாதிரி யாருமில்லை,
இருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

கோடு என்று ஒன்று இதில் கிடையாது.
குத்தும்போது தோல் ஊசியைப் பிடித்துக்கொள்கிறது,
பிறகு மனசில்லாமல் விடுகிறது.
டப்.
இரட்டைக் கொம்புக்கே இருநூறு குத்து.
காலுக்கு வரும்போது என் கால் மரத்திருந்தது.
நரம்பை ஒதுக்கி வளைத்ததில்
து-வின் வால் குட்டையாகிவிட்டது, இருக்கட்டும்.
பிறகு ம.
கடைசியாக அதன் தலைமேல்
ஒன்றே ஒன்று.

போதும்.

பந்தியில் இலைமேல் கை மறித்துச் சொல்வோமே,
சொன்ன பிறகும் ஒரு கரண்டி விழுமே, அந்தச் சொல்.
ஒன்பதாவது மாடியைத் துடைத்து நிமிரும்போது
கோதண்டம் சார் மேலே கை காட்டுவார்.
தொண்டைவரை அதுவாகத்தான் வரும்.
வாய்க்கு வந்ததும்
'சரி சார்' ஆகிவிடும்.

ஏழாம் நாள் அரிப்பெடுத்தது.
சொறியக் கூடாதென்று தெரியும், தூக்கத்துக்குத் தெரியாது.
பாயில் கருப்பாய்ச் சில செதில்கள்,
வஞ்சிரம் ஆய்ந்த இடம் மாதிரி.

ஷேர் ஆட்டோவில் மெர்சி என் கையைப் பிடித்தாள்.
நான் எனக்கு நேராக எழுதியிருந்தேன்,
அவளுக்கு அது தலைகீழ்.
கம்பியில் தலையை இடித்துக்கொண்டு சாய்ந்து படித்தாள்.
"இன்னாடி இது, போதுமவா?
புள்ளிய காணோம்?"

எழுத்தாய் நின்ற நூற்றுக்கணக்கில்
ஒன்றும் உதிரவில்லை.
மையாகப் போன அத்தனையிலும்
நிஜமாகவே புள்ளியான அந்த ஒன்று
பொருக்கோடு போயிருந்தது.

சோழிங்கநல்லூர் வரைக்கும்
அதையே வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
புள்ளி இருந்தால் உதடு சேர்ந்து முடிகிறது.
இல்லாவிட்டால்
வாய் திறந்தபடியே நிற்கிறது,
இன்னும் ஒரு கரண்டிக்கு.

மூடியில் மை காய்ந்து வெடித்துவிட்டது.
ஊசியை எடுத்தேன், வைத்தேன்.
வருகைப் பதிவில் கையெழுத்துப் போடும் பேனாவால்
சில காலையில் ம-வின் தலையில் ஒன்று வைக்கிறேன்.
சில காலையில் வைப்பதில்லை.
வைத்தாலும் மத்தியானத்துக்குள்
ஃபினாயில் தண்ணீர் கொண்டுபோய்விடும்.

நேற்று ஒன்பதாவது மாடி முடிந்து,
லிஃப்ட் வாசலில் பையைக் குடைந்துகொண்டிருந்தேன்.
"என்ன தேடுற?"
பேனா சார்.

பாக்கெட்டிலிருந்து தன்னுடையதை எடுத்து
மூடியைக் கழற்றியே கொடுத்தார்
கோதண்டம் சார்.